மாடிப்படியில் மண்ணெண்ணெய் வாடை

மண்ணெண்ணெய் நாற்றம் வருகிறது என்று ஒரு வீட்டுச் சொந்தக்காரி தினமும் சொன்னால், அது எண்ணெயைப் பற்றிய பேச்சே இல்லை என்றுதான் நான் முடிவு செய்தேன். எனக்கு அப்படி முடிவு செய்து பழக்கம். வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வரும்.

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. மாடிப் பகுதி எங்களுக்கு. கீழே சொந்தக்காரர்கள், கணவனும் மனைவியும் மட்டும். அவர் கடற்கரைப் பக்கம் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெற்கேயிருந்து வந்தவர்கள். எந்த ஊர் என்று சொன்னார்கள், எந்த ஆட்கள் என்று சொல்லவில்லை. எங்களிடம் மட்டும் கேட்டார்கள்.

அதற்கு முன் நாங்கள் பார்த்த வீடுகளில் எல்லாம் போனில் பேசும்போது வீடு காலியாக இருக்கும். நேரில் போய் நின்றதும் நேற்றே ஒருவர் அட்வான்ஸ் கொடுத்திருப்பார். ஒரு அம்மா என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "சர்ச்சுக்குப் போறவங்களா? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எந்தப் பக்கம் என்றால் ஊரா, காலனியா என்று அர்த்தம். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் பொத்தேரியில் மாணவிகள் விடுதியின் சமையலறையை மேற்பார்வை பார்க்கிறேன். என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். இதையெல்லாம் சொன்னாலும் அந்த அம்மாவுக்கு வேண்டிய பதில் அதில் இல்லை.

கூடுவாஞ்சேரி வீடு கிடைத்ததற்குக் காரணம், சொந்தக்கார அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் நாங்கள் போனதுதான். அவர் மட்டும் இருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா திரும்பி வந்தபோது என் கணவர் மாடியில் ஜன்னலுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அவள் தன் கணவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். சந்தேகம் அங்கேயே தொடங்கியது.

குடிவந்த அன்று பால் காய்ச்சினோம். காஸ் இணைப்பு மாற்றி வரவில்லை, அதனால் எங்கள் திரி ஸ்டவ்வில்தான் காய்ச்சினோம். பச்சைப் பெயின்ட் அடித்த, பத்துத் திரி போட்ட பழைய ஸ்டவ். நாங்கள் மாறிய ஒவ்வொரு வீட்டிலும் முதல் பால் அதில்தான் பொங்கியது. மார்கழிக் குளிரில் குளிக்க வெந்நீர் அதில்தான். புயல் அடித்து, கரன்ட் போய், சிலிண்டர் வண்டியும் வராமல் போன வாரத்தில் சோறும் அதில்தான், வெளிச்சமும் அதில்தான். சட்டியை இறக்கிவிட்டுத் திரியை ஏற்றி வைத்தால், பர்னர் ஓட்டைகள் வழியாக வருகிற மஞ்சள் வெளிச்சத்தில் என் மகள் கணக்குப் போட்டிருக்கிறாள். எண்ணெய்க்கு என் அக்கா இருக்கிறாள். திருவிடந்தையில் இருக்கிறாள், கடலோர விடுதி ஒன்றில் அறை பெருக்குகிறாள். அவள் கார்டுக்கு ரேஷனில் மண்ணெண்ணெய் உண்டு. பாட்டிலில் ஊற்றி எனக்குக் கொடுப்பாள்.

பால் பொங்கியது. ஜெபம் பண்ணினோம். கீழே போய்ச் சொந்தக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். "அக்கா, மேல வாங்க, பால் காச்சியிருக்கோம்" என்றேன்.

"ஆன்ட்டின்னே கூப்பிடும்மா" என்றாள்.

எனக்கும் அவளுக்கும் பத்துப் பன்னிரண்டு வயது வித்தியாசம் இருந்தால் அதிகம். அக்கா என்றால் உறவு, ஆன்ட்டி என்றால் வெளியாள். எனக்குப் புரிந்தது. மேலே வந்தாள், டம்ளரை வாங்கினாள், ஸ்டவ்வைப் பார்த்தாள். "எனக்குச் சுகர் இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே டம்ளரோடு கீழே இறங்கினாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினாள்.

ஆயுத பூஜை வந்தது. கீழே அவர் காலையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு சுற்றினார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை உண்டு. தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச், கடப்பாரை, மண்வெட்டி, பழைய சாமான் எல்லாம் அதில்தான். அதைத் திறந்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் துடைத்து, ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். மனிதர் வாசல் கேட்டின் தாழ்ப்பாளைக்கூட விடவில்லை. அப்புறம் எங்கள் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். வாசலில் நின்ற அந்த அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"அதுக்கு வேணாங்க. அவங்க இதெல்லாம் வெக்கமாட்டாங்க."

அவர் எங்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் வைப்பதில்லைதான். ஆனால் அந்த "அவங்க" என்ற வார்த்தையை அவள் அழுத்தியது என் காதில் விழுந்தது.

அது முடிந்து மழை பிடித்த கொஞ்ச நாளில் நாற்றப் புகார் ஆரம்பித்தது. நான் வேலைக்குக் கிளம்பிப் படியில் இறங்குவேன். அவள் துணி காயப் போடுவதுபோல் நிற்பாள்.

"ஏம்மா, உங்க மண்ணெண்ண நாத்தம் ஹால் வரைக்கும் வருது. தலைய வலிக்குது."

"நேத்து பத்தவே வெக்கலையே, ஆன்ட்டி."

"வருதும்மா. இல்லாததையா சொல்றேன்?"

எனக்கு நாற்றம் எதுவும் தெரியவில்லை. நாள் முழுக்க விடுதிச் சமையலறையில் நிற்கிறவளுக்கு வெங்காயத்தைத் தவிர வேறு வாடை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கறி வாங்கி வந்த பையை அவள் எட்டிப் பார்த்தது எனக்கு நினைவில் இருந்தது. பால்கனியில் கருவாடு வறுத்த அன்று அவள் ஜன்னலைப் படாரென்று சாத்தியதும் நினைவில் இருந்தது. கருவாடு என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் மண்ணெண்ணெய் என்கிறாள். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

வீடு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மகள் பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வு முடியும்வரை அந்த ஊரைவிட்டு நகர முடியாது. போக வேறு இடம் அக்கா வீடு ஒன்றுதான். முன்பு ஒரு வீடு காலி செய்து அடுத்தது கிடைக்காமல் ஒரு மாதம் அங்கே இருந்தோம். என் மகள் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கினாள். இறங்க வேண்டிய இடத்தில் எழுப்பினால் அழுவாள். அதை மறுபடி பார்க்க எனக்குத் திராணி இல்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். ஸ்டவ்வைக் காலி செய்து, கழுவி, சாக்கில் கட்டி, அந்த அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கண் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போனேன். எண்ணெய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். "எங்கம்மா தூக்கிட்டுப் போற?" என்றாள். "எங்க அக்காவுக்குக் குடுக்கறேன். இனிமே உங்களுக்கு நாத்தம் இருக்காது" என்றேன்.

திருவிடந்தையில் அக்கா சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி இது? அவ மூக்குக்குப் பயந்துகினு ஸ்டவ்வ தூக்கினு வந்துக்கீறியா?"

"பயம் இல்லக்கா. இப்பவும் நாத்தம் வருதுன்னா அவ பொய் சொல்றான்னு தெரிஞ்சிடும்ல."

"தெரிஞ்சா? உனுக்கு இன்னா, கோர்ட்டா போட்டுக்கீது? பொய்யின்னு தெரிஞ்சா மட்டும் வூட்ட எழுதி வெச்சிடுவாளா?"

அக்கா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் சத்தம் இல்லை. அடுத்த வாரம் அவள் படியேறி எங்கள் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள்.

"இப்ப முன்னவிட அதிகமா வருது. நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியல. தை மாசத்துக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க."

"ஸ்டவ்வே இல்ல, ஆன்ட்டி. உள்ள வந்து பாருங்க."

அவள் உள்ளே வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. பொய் நிரூபணமாகிவிட்டது. ஸ்டவ் இல்லாத வீட்டில் ஸ்டவ் நாற்றம் அடிக்கிறது என்றால், அவள் மூக்கில் அடிப்பது நாங்கள்தான். என் கணவரிடம் இதையே சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நிஜமாவே நாத்தம் வந்தா?" என்று கேட்டார். அவரை முறைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் நின்றது. மோட்டார் போடுவது எப்போதும் கீழே அவர் வேலை, மூக்குப்பொடி போட்டுப் போட்டு வாடையே தெரியாத மனிதர். அன்று அவர் செங்கல்பட்டுக்குப் போயிருந்தார். நான் கீழே இறங்கிக் கேட்டேன். அந்த அம்மா ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினாள். "போட்டுட்டுச் சாவியக் குடுத்துடு. எனக்குக் குனிஞ்சு உள்ள போக முடியல, முட்டி வலி."

படிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்தேன். முகத்தில் அறைந்தது. வெங்காய மூக்குக்கே அறைந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே, மோட்டார் ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கேன். அடிப் பக்கத்தில் எலி கடித்திருந்தது. பாதி எண்ணெய் ஒழுகி, பக்கத்தில் கிடந்த சாக்கும் பழைய பேப்பர் கட்டும் ஊறி, கால் வைத்தால் வழுக்கியது. அந்த மோட்டாரைப் போடும்போதெல்லாம் ஸ்விட்ச் பெட்டியில் பொறி பறக்கும், ஒருமுறை அவர் போடும்போது நானே பார்த்திருக்கிறேன். என் மகள் படிக்கும் அறை சரியாக அதற்கு மேலே.

மோட்டார் போடாமல் கதவைச் சாத்தினேன். சாவியைக் கொடுத்து, மோட்டார் ஓடவில்லை, அவர் வந்து பார்க்கட்டும் என்று சொன்னேன். கேனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று யாராவது கேட்கலாம். சொல்கிறேன். இந்தத் தெருவில் மண்ணெண்ணெய் என்றால் நாங்கள்தான். அந்த அறைச் சாவி சற்றுமுன் என் கையில் இருந்தது. நான் போய், "உங்க அறைல எண்ணெ ஒழுகுது" என்று சொன்னால் அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்கு முன்கூட்டியே கேட்டது. ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நடித்து, எண்ணெயைக் கீழே ஒளித்து வைத்தாள் என்பாள். அதற்கு மேலும் ஒன்று தோன்றியது. இத்தனை மாதம் கொடுக்காத சாவியை அன்று மட்டும் ஏன் கொடுத்தாள்? முட்டி வலி அன்றைக்கா வந்தது? அந்தக் கேனை நான் பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்றே கொடுத்தாளோ?

என் கணவரிடம் சொன்னேன்.

"அவங்க ரூமு, அவங்க பூட்டு. அவங்க டப்பாதான். போயி சொல்லு" என்றார்.

"சொன்னா நம்பளதுன்னுவா."

"உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்டி. உன்னோட பெரிய பேஜாரு."

"உனுக்கு எதுலயும் கெடையாதுய்யா. அதான் ஒவ்வொரு வூடா மாறிகினு கீறோம்."

"அப்போ தூக்கியாவது போடு. புள்ள மேல படுக்குது."

அந்த இரண்டு நாளும் கீழே மோட்டார் உறுமினால் போதும், ஏதாவது சாக்குச் சொல்லி மகளைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன். "படிக்கச் சொல்ற, அப்புறம் காத்து வாங்கக் கூப்புடுற, இன்னாம்மா நீ?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கீழே இருவரும் ஊரப்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினார்கள். அந்த அம்மா தானாகவே சாவியை என்னிடம் கொடுத்தாள். "தொட்டில தண்ணி கொறைஞ்சா மோட்டார் போட்டுக்கோ" என்றாள். அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கினேன். என் கணவரும் மகளும் சர்ச்சுக்குப் போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லி நின்றுவிட்டேன்.

கீழ்வீட்டுக்காரர்கள் ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்பியதும் இறங்கினேன். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். சாக்கையும் பேப்பரையும் அள்ளிப் பின்னால் காலி மனையில் போட்டேன். மண்ணைக் கொட்டித் தரையைத் துடைத்தேன். கடைசியாகக் கேன். ஓட்டையைக் கையால் பொத்தி, நைட்டியோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்தேன். மழை தூற ஆரம்பித்திருந்தது.

அதே ஆட்டோ வாசலில் நின்றது. குடை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா இறங்கினாள். பட்டுப் புடவை, கையில் தாம்பூலப் பை. என்னைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா! நான் சொன்னேனா இல்லையா? நீங்கதான் பாவம் பாவம்னீங்க! சாவியக் குடுத்தா எண்ணெயக் கொண்டாந்து வெக்கறா! ஏய், எங்க வீட்டக் கொளுத்தப் பாக்குறியா?"

எனக்குள் இருந்த ஆன்ட்டியெல்லாம் செத்துப் போனது.

"கொளுத்துறவ உள்ள தூக்கினு போவாளா, வெளிய தூக்கினு வருவாளா? இன்னா பேசற நீ? மோட்டாருக்குக் கீழ ஊத்திகினு கெடந்துது! எம் பொண்ணு மேல படுத்துகினு கீறா!"

எதிர்வீட்டு மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டார், சண்டை முடிகிறவரை கிளம்புகிற உத்தேசம் அவருக்கு இல்லை. நான் கீழ்வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் மனைவியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன். நைட்டியில் உரசித் தூசி போயிருந்தது. கேனின் வயிற்றில் மூன்று பொட்டு. காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம். அதற்குக் கீழே பழைய பொட்டுகளின் கறை, ஒன்றின் மேல் ஒன்று.

எனக்குக் கத்த வேண்டிய தேவை போய்விட்டது. கேனை அவள் பக்கம் திருப்பினேன்.

"நாங்கதான் இதெல்லாம் வெக்கமாட்டோமே" என்றேன்.

அவள் கிட்டே வந்தாள். குங்குமத்தை விரலால் தேய்த்து விரலைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள், என் பக்கம் அல்ல.

"இது எப்ப வெச்சது?"

"அது... ரேஷன்ல நம்ம கார்டுக்குக் கடைசியாக் குடுத்தப்ப வாங்குனது" என்றார் அவர். "புயல் கியல் வந்தா ஆகும்னு..."

"தூக்கிப் போடச் சொன்னேன்ல?"

"போட்டுட்டேன்னுதான் நெனச்சேன்."

"நெனச்சீங்களா? வருஷா வருஷம் பொட்டு வெச்சிருக்கீங்க!"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். அவர்கள் இருவரும் சண்டையை அங்கேயே தொடர்ந்தார்கள். என்னை மறந்துவிட்டார்கள். ஒழுகுகிற கேனை அணைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? "இத எங்க வெக்கட்டும்?" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மா அப்போதுதான் என்னிடம் பேசினாள். மன்னிப்பு எல்லாம் இல்லை.

"நாத்தம் வந்துச்சுல்ல. நான் பொய் சொல்லலல்ல."

"இல்ல, பொய் சொல்லல" என்றேன். அது உண்மை, சொல்லத்தானே வேண்டும். "ஆனா மேல இருந்துதான் வருதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"மேலதான ஸ்டவ் இருந்துச்சு."

"அத உங்க கண்ணு முன்னாடிதான தூக்கினு போனேன். அதுக்கப்புறம்?"

அவள் தாம்பூலப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "நீ எங்கயாவது ஒளிச்சு வெச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அவள்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. நானும்தான் அவளைப் பற்றி என்னென்னவோ நினைத்தேன். அவள் என்னைப் பற்றி நினைத்தால் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் அவளைப் பற்றி நினைத்தால் அவளுக்கு எதுவும் ஆகாது. எங்கள் இரண்டு பேர் சந்தேகமும் ஒன்றல்ல. அதை அவளுக்குச் சொல்ல அன்று எனக்கு வரவில்லை.

"தை மாசம் காலி பண்ண முடியாது. பொண்ணு பரீட்ச எழுதணும்" என்றேன்.

"இருங்க, இருங்க" என்றார் அவர். அந்த அம்மா சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஸ்டவ்வு திரும்ப வரும்."

"பால்கனியிலயா?"

"பால்கனியிலதான். கீழ இருந்து பாத்தா தெரியற மாதிரி வெப்பேன். எப்ப எரியுது, எப்ப எரியலன்னு நீங்களே பாத்துக்குங்க."

ஸ்டவ்வை வாங்கப் போனபோது அக்கா கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், "கேன்ல பொட்டு இல்லாங்காட்டி இன்னாடி பண்ணியிருப்ப?" என்று கேட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் மடியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன்.

மகள் தேர்வு எழுதினாள், தேறினாள். நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது. குப்பை வண்டிக்கு எடுத்து வைத்த அவர்கள் கூடையில் சர்க்கரை மாத்திரை அட்டை ஒன்றைப் பார்த்தேன். ஆனால் அது அவள் கணவருடையதாகவும் இருக்கலாம்.

வேலை முடிந்து வந்து படியேறுவதற்கு முன், அந்த அறைக் கதவின் அருகே நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். போன வாரம் அப்படி நின்றபோது, கதவின் அந்த ஓரத்தில் இன்னொருத்தி குனிந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் நிமிர்ந்தோம்.

"ஒண்ணும் இல்லல்ல?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். நான் சொன்ன பிறகும் அவள் இன்னொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போனாள். அவள் போகும்வரை காத்திருந்து நானும் பார்த்தேன்.